ஊர்ச் சாவும் சேரிக் கல்லறையும்



யாருடைய நினைவாக நாம் இன்று நெய்வேலியில் கூடியிருக்கிறோமோ, அவர் ஒரு புதிய ஊருக்குப் போனால் முதலில் கேட்கும் கேள்வி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கோயிலுக்குள் விடுகிறார்களா, டீக்கடையில் எத்தனை வகை டம்ளர் என்பதெல்லாம் பிறகுதான். "செத்தா எங்க கொண்டு போவீங்க? எந்த வழியா?" என்றுதான் கேட்பார். அந்தப் பதிலைக் கொண்டு அந்த ஊரைப் பற்றி அவர் போட்ட கணக்கு தவறியதில்லை.

அந்தக் கேள்வியையே இந்த ஆண்டுப் பேருரையின் பொருளாக எடுத்துக்கொண்டோம். ஊரின் சாவு வேலைகளை எல்லாம் நம் மக்கள் தலையில் கட்டிய சாதி, நம் சாவுக்கு மட்டும் ஆறடி இடம் தரத் தயங்குகிறது. இந்த முரண்பாட்டை நேருக்கு நேர் சந்தித்த ஒரு கிராமத் திருச்சபையின் வரலாற்றை முதலில் பார்ப்போம். அது ஓங்கோல் வட்டாரத்து பாப்டிஸ்ட் சபை. இன்று ஆந்திரத்தில் இருந்தாலும், அன்று அது நம்மோடு ஒரே சென்னை மாகாணத்தில் இருந்த பகுதி. ஒரு தலித் சாதி கிராமம் கிராமமாகத் தானே முடிவெடுத்து ஒரு சபையானது எப்படி என்பதற்கு அதைப்போல் விரிவாகப் பதிவான சான்று தென்னிந்தியாவில் அரிது. அங்கிருந்து கிடைக்கும் பாடத்தோடு நம் தென்னார்க்காட்டுக்கும், பிறகு இந்தச் சுரங்க மண்ணுக்கும் திரும்புவோம்.

1. சாவு யாருடைய வேலை?

ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்னென்ன நடக்கும் என்பதை நம் தாத்தாக்கள் வரிசையாகச் சொல்வார்கள். உறவூர்களுக்கு இழவு சொல்லப் போவது, பறையடிப்பது, பாடைக்கு மூங்கில் வெட்டுவது, குழி தோண்டுவது, எரியும் பிணத்துக்கு விடிய விடியக் காவல் இருப்பது. இவற்றுக்கு ஊர் வைத்த கூலி நெற்றிக்காசும் வாய்க்கரிசியும் கோடித்துணியும். மாடு செத்தாலும் இதே கதைதான். தொழுவத்திலிருந்து இழுத்துப் போக வேண்டும்; இறைச்சியும் தோலுமே கூலி.

தெலுங்கு நாட்டில் மாதிகாக்களின் நிலையும் இதுவே. செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்தி, ஊர்க்காரர்களுக்குச் செருப்பும், கிணற்றில் நீர் இறைக்கத் தோல் சாலும் செய்து கொடுத்தார்கள். அதே தோலில் செய்த டப்பு என்ற பறையை ஊர்த் திருவிழாவிலும் சாவிலும் அடித்தார்கள். வேளாண்மை அவர்கள் உழைப்பில் நடந்தது, சடங்கு அவர்கள் பறையில் நடந்தது. குடியிருப்போ ஊருக்கு வெளியே. ஊர்க் கிணற்றுப் பக்கம் அவர்கள் போகக்கூடாது.

ஆக, சாவு வேலை வெறும் ஒரு தொழில் அல்ல. யார் கீழே இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சாவிலும் எல்லோர் கண்ணெதிரிலும் மறுபடி சொல்லிக் காட்டும் ஏற்பாடு. இதை மறுத்தால் ஊரையே மறுத்ததாகும்.

2. எட்டுப் பேரில் தொடங்கிய சபை

பாப்டிஸ்ட் என்றால் யார் என்பதை மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்த வயதில் ஒருவர் தன் வாயால் தன் நம்பிக்கையைச் சொன்ன பிறகே தண்ணீரில் முழுக்கி எடுப்பார்கள். ஆயருக்குக் கட்டுப்பட்ட அமைப்பும் கிடையாது. ஓர் ஊரில் கூடும் விசுவாசிகளே சபை, அவர்களே முடிவெடுப்பவர்கள்.

கல்லறை விஷயத்தில் இவர்களுக்கும் பழைய காயம் உண்டு. இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு வழிபாட்டு நூலின்படி, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கு அடக்க வழிபாடு இல்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்காத குடும்பங்களுக்கு இது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பன்யன் 1688-இல் இறந்தபோது, அரசுத் திருச்சபையைச் சேராதோர் புதைக்கப்பட்ட லண்டனின் பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டில்தான் அடக்கமானார். ஊர்த் திருச்சபைக் கல்லறையில் தங்கள் சொந்த முறைப்படி அடக்கம் செய்யும் சட்ட உரிமை இப்படிப்பட்ட சபைகளுக்கு 1880-இல்தான் கிடைத்தது.

அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷன் 1836-இல் சாமுவேல் டேயின் வருகையோடு தொடங்கி, 1840-இல் நெல்லூரில் காலூன்றியது. பல ஆண்டுகள் உழைத்தும் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் விவாதித்தார்கள். 1854 ஜனவரி 1 விடியற்காலையில் லைமன் ஜூவெட்டும் அவர் மனைவியும் மூன்று இந்தியக் கிறித்தவர்களும் ஓங்கோல் குன்றின் மேல் ஏறி நின்று, இந்த ஊருக்கு ஒருவரை அனுப்பும் என்று ஜெபித்த செய்தியை அந்தச் சபையார் இன்றும் சொல்கிறார்கள். நில அளவையில் பயிற்சி பெற்ற ஜான் கிளஃப் 1866-இல் ஓங்கோலில் குடியேறினார்.

மிஷன் வரலாறுகள் கதையைக் கிளஃபிலிருந்து தொடங்கும். நாம் எர்ரகுண்ட்ல பேரய்யாவிடமிருந்து தொடங்க வேண்டும். தோல் வணிகம் செய்த மாதிகா அவர். கிறித்தவத்தைக் கேள்விப்படும் முன்பே யோக மார்க்கத்தில் குருவைத் தேடிப் போனவர். விக்கிரகத்தை விட்டு விலகியிருந்தவர். தன் மனைவியோடு 1866-இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகு, ஊர் ஊராய் நடந்து தன் உறவின் வழியே செய்தியைக் கொண்டுபோனார். வெள்ளைக்காரர் அந்தச் சேரிகளுக்குள் நுழையும் முன்பே அவர் நுழைந்துவிட்டார். 1867 ஜனவரி 1-இல் ஓங்கோல் சபை முறையாக அமைந்தபோது உறுப்பினர்கள் எட்டே பேர்.

அந்த நேரத்தில் மேல்சாதியைச் சேர்ந்த சிலரும் மிஷனை நெருங்கி வந்திருந்தார்கள். மாதிகாக்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். எல்லா மிஷன்களும் சந்தித்த கேள்வி இது. பல மிஷன்கள் இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிச் சமாளித்தன. கிளஃபும் அவர் மனைவியும் தனித்தனி அறையில் வேதத்தைத் திறந்தபோது இருவருக்கும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரமே கிடைத்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். இழிவானவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்று சொல்லும் பகுதி அது. மாதிகாக்கள் உள்ளே வந்தார்கள். நிபந்தனை போட்டவர்கள் வெளியே நின்றார்கள்.

3. மூன்று மறுப்புகள்

சேருகிறவர்களுக்கு மூன்று விதிகள் சொல்லப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது, செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னக்கூடாது, விக்கிரகங்களை வணங்கக்கூடாது.

கேட்பதற்குச் சமய விதிகள். ஆனால் மூன்றும் ஊரின் அடிமடியில் கை வைத்தன. ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை என்றால், கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டிய வெட்டி வேலைக்கு வாரத்தில் ஒரு நாள் மறுப்பு. செத்த மாட்டிறைச்சி வேண்டாம் என்றால், இறைச்சியைக் கூலியாகக் காட்டி மாட்டைத் தூக்கச் சொல்லும் ஏற்பாட்டுக்கு மறுப்பு. விக்கிரகம் இல்லை என்றால், திருவிழாவில் டப்பு அடிப்பதற்கு மறுப்பு.

ஊர் உடனே புரிந்துகொண்டது. கர்ணமும் முன்சீப்பும் கூடினார்கள். தண்ணீர், கடைச் சாமான், வயல் வேலை என்று ஒவ்வொன்றாக அடைத்தார்கள். நம் ஊர்களில் இன்றும் நடக்கும் ஊர்விலக்கு அப்படியே அங்கும் நடந்தது. மதம் மாறினான் என்பதை விட, பறையை இறக்கி வைத்துவிட்டான் என்பதுதான் அவர்களைச் சுட்டது.

இதில் ஒரு தெளிவு வேண்டும். மாட்டிறைச்சி நம் உணவு. அதைத் தின்பது நம் உரிமை. பறை நம் இசை. விரும்பி அடிக்கும்போது அது விடுதலையின் குரல். அன்று மறுக்கப்பட்டது உணவும் அல்ல, இசையும் அல்ல. கூலிக்குப் பதில் பிணத்தைக் காட்டும் கட்டாயம் மறுக்கப்பட்டது.

4. பெயர் சொல்லி அழைத்த ஆறு

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சம் ஓங்கோலையும் விடவில்லை. கிளஃப் பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தை எடுத்தார். பட்டினியில் வந்தவர்களுக்கு அங்கே வேலையும் கூலியும் கிடைத்தன. மாதிகாப் போதகர்களே மேற்பார்வையாளர்களாக நின்றார்கள். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகப் பஞ்ச நிவாரணம் நடந்த மாதங்களில் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நிவாரணம் முடிந்தது, இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் மக்கள் வந்தார்கள்.

1878 ஜூலை 2, 3, 4 ஆகிய நாட்களில் வெல்லம்பள்ளி அருகே குண்டலகம்மா ஆற்றில் முழுக்கு நடந்தது. முதல் நாள் 614 பேர், இரண்டாம் நாள் 2,222 பேர், மூன்றாம் நாள் 700 பேர். ஆக 3,536 பேர். தண்ணீரில் இறங்கி முழுக்கியவர்கள் இந்தியப் போதகர்கள் ஆறு பேர், ஒரு நேரத்துக்கு இருவராக. ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டு, வாசிக்கப்பட்டது.

அந்தப் பெயர் எழுதியதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஊர்க் கணக்கில் அவர்கள் 'மாதிகா வீடு இத்தனை' என்று இருந்தார்கள். சபைக் கணக்கில் ஒவ்வொருவரும் பெயரோடு இருந்தார்கள். அப்படி ஒரு புத்தகத்தில் ஏறிய பெயர், சாகும்போது கல்லறைக்கும் போனது. மாதிகாக்கள் முன்பும் புதைத்தவர்களே. புதைத்த மேட்டை மழை கரைத்துவிடும். ஒரு தலைமுறையில் அடையாளம் போய்விடும். சபை வந்த பிறகு பெயரும் தேதியும் தாங்கிய கல் வந்தது. ஊராருக்கெல்லாம் குழி வெட்டியவனுக்குத் தன் குழி எது என்று காட்டும் உரிமை வந்தது.

இதை முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. மாதிகாக்கள் ஒரு சபையிலும் மாலாக்கள் வேறொரு சபையிலும் சேர்ந்த இடங்களில் சேரிகளுக்குள் இருந்த பிளவு அப்படியே கோயிலுக்குள் குடியேறியது. கல்வி வந்த வேகத்தில் நிலம் வரவில்லை. சபைக்குள் சமத்துவம் வந்தாலும், கோயில் வாசலைத் தாண்டினால் பழைய ஊர்தான். ஓங்கோலுக்கு வடக்கே, அன்றைய குண்டூர் மாவட்டத்துச் சுண்டூரில் 1991 ஆகஸ்ட் 6 அன்று எட்டு தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உயிரோடிருந்தவர்கள் அந்த உடல்களை ஊருக்கு வெளியே கொண்டு போகவில்லை. ஊரின் நடுவே புதைத்து, அந்த இடத்துக்கு 'ரக்தக்ஷேத்திரம்' என்று பெயர் வைத்தார்கள். 2007-இல் சிறப்பு நீதிமன்றம் 21 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2014-இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. தீர்ப்பு போனாலும் கல்லறை போகவில்லை. அந்த ஊரில் நடந்ததற்கு இன்று அதுவே சாட்சி.

5. வண்டி நிறுத்தத்துக்கு அடியில்

கல்லறை சாட்சி என்பதாலேயே அதை மறைக்கும் வேலையும் நடக்கிறது. இதற்குக் கடல் கடந்து ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்பர்க் நகரின் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபை, அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களும் சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்களும் சேர்ந்து 1776-இல் தொடங்கியது. அதன் பழைய ஆலயம், நெய்வேலி பிறந்த அதே 1950களின் நடுவில் இடிக்கப்பட்டது. காலனிய காலத்து நகரத்தை மீட்டெடுத்துக் காட்டும் அருங்காட்சியகத்துக்காக நிலம் வாங்கப்பட்டு, பிறகு அந்த இடத்தின் மேல் வண்டி நிறுத்தம் போடப்பட்டது. வெள்ளை எஜமானர்களின் வீடுகள் கவனமாகப் புதுப்பிக்கப்பட்ட அதே நகரில்தான் இது நடந்தது.

வழித்தோன்றல்கள் விடவில்லை. 2020-இல் அகழாய்வு தொடங்கியது. ஆலயத்தின் அடித்தளமும், 60-க்கும் மேற்பட்ட புதைகுழிகளும் வெளிப்பட்டன. எந்தக் குழியை ஆராயலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் சபையாரின் சொல் கேட்கப்பட்டது. ஆராயப்பட்ட மூவர் ஆப்பிரிக்க வழியினர் என்று 2023-இல் உறுதியானது. ஆவணத்தில் இல்லாத மக்கள் மண்ணில் இருந்தார்கள். அவர்களைத் தேடும்படி கேட்க உயிரோடு ஒரு சபை இருந்ததால்தான் தேடப்பட்டார்கள்.

6. நம் பக்கத்தில்

இனி நம் தென்னார்க்காடு. இங்கே பாப்டிஸ்ட் சபை பெரிதாக வேர் விடவில்லை. ஆனால் சாதிக் கேள்வியால் பிறந்த சபை ஒன்று நமக்கும் உண்டு. தமிழ்நாட்டு லூத்தரன் சபைகளை நடத்திய லைப்சிக் மிஷன், சாதி வழக்கத்தைச் சபைக்குள் பொறுத்துக்கொள்ளும் போக்கில் இருந்தது. அதை ஏற்காமல் வெளியேறிய கார்ல் ஆக்ஸ் 1861-இல் நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற இடத்தை நிறுவினார். பிறகு டேனிஷ் மிஷன் அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. இன்றைய ஆற்காடு லூத்தரன் திருச்சபை அதன் வழியில் வந்தது. நெய்வேலியிலிருந்து காலையில் போய் மதியம் திரும்பும் தூரத்தில், சாதிக்கு இடமில்லை என்று சொல்லிப் பிரிந்த ஒரு வரலாறு இருக்கிறது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதற்கு நேரெதிரான வரலாறும் பக்கத்திலேயே இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூரில் ஒரே கத்தோலிக்கப் பங்கில் தலித் கிறித்தவர்களுக்குத் தனிக் கல்லறை, தனிச் சவ வண்டி என்ற நிலை தொடர்ந்தது. எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அன்றைய போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தனர். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்ற சுவரை எதிர்த்து நடந்த போராட்டங்களும் நாம் அறிந்தவை. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதும் சுவர் விழுந்துவிடாது.

இந்துவாக இருந்தால் மட்டும் வழி திறந்துவிடுகிறதா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல் வழியாகப் போக விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அரசோ 1950-ஆம் ஆண்டு ஆணையைக் காட்டி, கிறித்தவனானால் நீ பட்டியல் சாதி இல்லை என்கிறது. கல்லறைச் சுவர் எழுப்பியவன் அப்படிச் சொல்லவில்லை. அவனுக்கு நம் சாதி நன்றாகவே நினைவிருக்கிறது.

7. மண் புரளும் ஊரில்

இப்போது நாம் நிற்கும் மண்ணுக்கு வருவோம். 1956-இல் நெய்வேலி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். திறந்தவெளிச் சுரங்கம் என்றால், பழுப்பு நிலக்கரிக்கு மேலே உள்ள மண் முழுவதையும் எடுத்து வேறிடத்தில் கொட்டுவது. வயல், கிணறு, தெரு, கோயில் எல்லாம் அந்த மேல்மண்ணில்தான் இருக்கின்றன. இடுகாடும் அதில்தான் இருக்கிறது.

நிலம் எடுக்கும்போது பட்டா வைத்திருப்பவரின் பெயருக்கு அறிவிப்பு வரும். கூலி வேலை செய்தவருக்குக் காட்ட ஒரு காகிதமும் இல்லை. புறம்போக்கில் புதைக்கப்பட்டவர்களுக்காக யார் மனுப் போடுவது? 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மறுகுடியமர்த்தும் இடத்தில் இருக்க வேண்டிய வசதிகளில் இடுகாடு அல்லது சுடுகாட்டையும் சேர்க்கிறது. நல்லதுதான். ஆனால் அங்குள்ள சாதிச் சமூகங்களையும் அவர்களின் வழக்கங்களையும் பொறுத்து அமைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஊர் புதிதாகக் கட்டப்படும்போதே சேரிக்கும் தனி இடுகாடு கட்டிக்கொடுக்க இந்த வாசகம் வழி விடுகிறது. இதை நாம் கேள்வி கேட்டாக வேண்டும்.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் மஹ்ரா என்ற தலித் சாதியைச் சேர்ந்த கிறித்தவப் போதகர் ஒருவர் இறந்தார். அவர் குடும்பத்தார் முன்பு புதைக்கப்பட்ட கிராமத்து இடுகாட்டில் அவரைப் புதைக்க விடவில்லை. கிறித்தவர்களுக்கான பகுதி அங்கே வாய்மொழியாக ஒதுக்கப்பட்டிருந்தது என்றது குடும்பம். உடல் சவக்கிடங்கில் மூன்று வாரம் போலக் கிடந்தது. ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு எழுதினார்கள். இதற்கு மேல் தாமதம் கூடாது என்று, 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிறித்தவ இடுகாட்டில் அடக்கம் செய்ய ஆணையிட்டார்கள். வாய்மொழியாகக் கிடைத்த இடம் வாய்மொழியாகவே போய்விட்டது.

எனவே இந்தப் பேருரையை ஒரு வேலைத்திட்டத்தோடு முடிக்க விரும்புகிறோம். சுற்றியுள்ள ஒவ்வொரு காலனியின் இடுகாட்டுக்கும் சர்வே எண் என்ன, கிராமத்து அ-பதிவேட்டில் அது எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது, அதற்குப் போகும் பாதை புலப்படத்தில் இருக்கிறதா என்பதை எழுதுவோம். இல்லையென்றால் கேட்டு மனுப் போடுவோம். எந்தச் சபையானாலும் அதன் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் படம் எடுத்து வைப்போம். ஊர் எடுக்கப்பட்டு இடம் மாறி வந்த முதியவர்களிடம் உட்கார்ந்து, யார் யாரை எங்கே புதைத்தார்கள் என்ற பெயர்களைக் கேட்டு எழுதுவோம். அந்தப் பாட்டிகளும் தாத்தாக்களும் போய்விட்டால் எந்த அகழாய்வும் அவற்றைத் தராது.

குண்டலகம்மா ஆற்றங்கரையில் ஒருவர் உட்கார்ந்து மூவாயிரத்துச் சொச்சம் பெயர்களை எழுதினார். நமக்கு வேண்டியதும் ஒரு நோட்டும் பேனாவும்தான். அடுத்த ஆண்டு இதே நாளில் கூடும்போது, முதல் நோட்டை இந்த மேடையில் வைத்துத் தொடங்குவோம். "செத்தா எங்க கொண்டு போவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு நாம் சொல்லும் பதிலாக அது இருக்கட்டும்.

ஜெய்பீம்.